கொரியாவின் முதல் சபை: 1948-ல் தேர்வான அந்த 200 பேரை எப்படி மதிப்பிடுவது?

வைகைக்கரை:

தென் கொரிய அரசியல் என்று பேச்செடுத்தால் நாம் எல்லோரும் நேராகப் பிற்கால ராணுவ ஆட்சியாளர் பார்க் சுங்-ஹீயிடம் போய்விடுகிறோம். இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறவர்கள் முதல் ஜனாதிபதி சிங்மன் ரீயோடு நின்றுவிடுகிறார்கள். அந்த நாட்டு மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் சபை ஒன்று உண்டு. 1948 மே 31 அன்று கூடி, இரண்டே வருடம் வாழ்ந்த அரசியல் நிர்ணய சபை. அரசியல் சட்டத்தை நிறைவேற்றியது அவர்கள்தான். முதல் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்ததும், உழுபவனுக்கு நிலம் என்று சட்டம் போட்டதும் அவர்கள்தான். அப்படியும் அந்த உறுப்பினர்களைப் பற்றித் தமிழில் உருப்படியான ஒரு உரையாடலை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தேர்தல் நடந்தது 1948 மே 10. ஐ.நா.வின் தற்காலிக ஆணையம் மேற்பார்வை பார்த்தது. 21 வயது ஆகியிருந்தால் ஆணோ பெண்ணோ ஓட்டு உண்டு, 25 ஆனால் நிற்கலாம். ஜப்பானிய அரசிடம் பட்டம் பதவி வாங்கியவர்கள் நிற்கத் தடை. பதிவு செய்த வாக்காளர்கள் ஏறத்தாழ 78 லட்சம், அவர்களில் 95 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். 200 தொகுதிகளுக்கு 948 வேட்பாளர்கள்.

அந்த வாக்குச்சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம் என்பதால் வேட்பாளரின் எண்ணைச் செங்குத்துக் கோடுகளாகப் போட்டிருந்தார்கள். முதல் வேட்பாளருக்கு ஒரு கோடு, ஐந்தாமவருக்கு ஐந்து கோடு. கிராமத்துக் கிழவியால் கோட்டை எண்ணித் தன் ஆளைக் கண்டுபிடித்துவிட முடியும். 35 வருடம் ஜப்பானின் காலடியில் கிடந்த ஜனங்கள், வாழ்க்கையில் முதல்முறையாக நாட்டுக்கு ஒரு சபையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்தச் சபையை ரீயின் தலையாட்டிப் பொம்மை என்று ஒரே வரியில் ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசுவோம்.


கீழத்தெரு:

வணக்கம் ஐயா. நல்ல இழை. ஆனால் 95 சதவீதம் என்று சொல்லிவிட்டு அப்படியே கடந்து போக முடியாது.

வாக்காளர் பட்டியலில் பெயர் கொடுக்காவிட்டால் ரேஷன் கார்டைப் பிடுங்கிவிடுவோம் என்று மிரட்டியதாக ஐ.நா. ஆணையத்திடமே புகார்கள் போயின. அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்த போலீஸ், அதற்குத் துணையாக ஊர்க்காவல் படைகள், அப்புறம் தடியோடு திரிந்த வலதுசாரி இளைஞர் அமைப்புகள். இவர்கள் தெருவில் நிற்கும்போது யார் போகாமல் இருப்பார்கள்?

அதைவிடப் பெரியது, யார் நிற்கவில்லை என்பது. கிம் கூ நிற்கவில்லை. கிம் க்யூ-சிக் நிற்கவில்லை. ஒருவர் ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் சீனாவில் இயங்கிய நாடுகடந்த தற்காலிக அரசின் தலைவராக இருந்தவர், இன்னொருவர் அதன் துணைத் தலைவர். தெற்கில் மட்டும் தேர்தல் நடத்தினால் நாடு நிரந்தரமாக இரண்டாகிவிடும் என்று சொல்லி, ஏப்ரலில், சோவியத் வசமிருந்த வடக்கையும் அமெரிக்க வசமிருந்த தெற்கையும் பிரித்த 38-வது இணைகோட்டைத் தாண்டிப் பியோங்யாங் போய்ப் பேசிப் பார்த்தார்கள். இடதுசாரிகள் மொத்தமாகப் புறக்கணித்தார்கள். பாதி நாடும் முக்கால்வாசித் தலைவர்களும் இல்லாத தேர்தல்.

ஜேஜு தீவை மறக்கவே கூடாது. ஏப்ரல் 3 அன்று அங்கே கிளர்ச்சி தொடங்கியது. மூன்று தொகுதிகளில் இரண்டில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை என்பதால் தேர்தல் செல்லாது என்றார்கள். சபை 198 பேரோடுதான் தொடங்கியது. அந்த இரண்டு இடங்களும் நிரம்ப 1949 மே 10 வரை, சரியாக ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தில் தீவில் நடந்தது படுகொலை. மொத்தம் 25,000 முதல் 30,000 பேர் வரை செத்திருப்பார்கள் என்பது இன்றைய மதிப்பீடு.


பனங்காடு:

200 தொகுதி என்கிறீர்கள், ஆனால் வேறெங்கோ 300 என்று படித்த ஞாபகம். எது சரி?


சட்டப்புத்தகம்:

பனங்காடு தம்பி, இரண்டுமே ஒருவகையில் சரி. மக்கள்தொகைக் கணக்குப்படி முழுக் கொரியாவுக்கும் 300 இடம் என்று வைத்து, தெற்குக்கு 200, வடக்குக்கு 100 என்று பிரித்தார்கள். வடக்கே சோவியத் ராணுவம் ஐ.நா. ஆணையத்தை உள்ளேயே விடவில்லை. அதனால் அந்த 100 இடங்களைக் காலியாக விட்டுத் தொடங்கினார்கள்.

வடக்கிலும் இதே கதைதான். 1948 ஆகஸ்ட் 25 அன்று அங்கே உச்ச மக்கள் சபைக்குத் தேர்தல். 572 இடம். அதில் 212 வடக்குக்கு, 360 தெற்குக்கு. தெற்கில் ரகசியமாக ஓட்டு வாங்கியதாகச் சொல்லி, ஹேஜு நகரத்தில் ஒரு மாநாடு கூட்டி அந்த 360 பேரை நியமித்துவிட்டார்கள். தெற்கு காலி நாற்காலி வைத்தது, வடக்கு ஆளை உட்கார வைத்தது.

சரி, கீழத்தெரு சொன்னதற்கு வருகிறேன். தேர்தல் சூழல் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முடிவைப் பாருங்கள். ரீயின் தேசியக் கழகத்துக்கு 55. நிலக்கிழார்களும் படித்த மேல்தட்டும் இருந்த கொரிய ஜனநாயகக் கட்சிக்கு 29. இளைஞர் அமைப்புகள் இரண்டுக்கும் சேர்த்து 18. சில்லறைக் கட்சிகளுக்கு 13. சுயேச்சைகள் 85! தடியும் போலீஸும் அவ்வளவு பலமாக வேலை செய்திருந்தால் எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாதவர்கள் 85 பேர் எப்படி உள்ளே வந்தார்கள்? கிம் கூவின் மீது பற்றுள்ளவர்கள், பழைய இடதுசாரிகள், உள்ளூரில் மரியாதையுள்ள வாத்தியார்கள் என்று பலதரப்பட்டவர்கள் அந்தப் பெயரில் நுழைந்தார்கள். சபை ரீயின் கைக்குள் அடங்காமல் போனதற்கு வேர் இங்கேதான்.


கீழத்தெரு:

//85 பேர் எப்படி உள்ளே வந்தார்கள்?//

சுயேச்சைகளில் கட்சி முத்திரை ஓட்டைக் கெடுக்கும் என்று பயந்து வேஷம் மாற்றி நின்ற கொரிய ஜனநாயகக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள் தோழர். நிலக்கிழார் கட்சிக்கு ஊரில் அவ்வளவு கெட்ட பெயர். அதையும் கணக்கில் எடுங்கள்.

ரீ எப்படி ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சியோலில் தோங்தேமுன் தொகுதி. எதிர்த்து நின்றவர் சோய் நுங்-ஜின், முன்பு போலீஸ் புலனாய்வில் அதிகாரியாக இருந்து, ஜப்பானியருக்கு வேலை பார்த்தவர்களைத் துறையிலிருந்து வெளியேற்றச் சொல்லிப் பகை சம்பாதித்தவர். பரிந்துரைக் கையெழுத்துகள் சரியில்லை என்று சொல்லி அவர் மனுவை ரத்து செய்தார்கள். ரீ போட்டியின்றித் தேர்வு. அந்த சோய் நுங்-ஜினை 1951-ல் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்துக் கொன்றது. முதல் சபையின் முதல் சபாநாயகர் வந்த வழி இது.


வைகைக்கரை:

கீழத்தெரு தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டு எழுதுவது என் நோக்கமில்லை. தேர்தல் எப்படி நடந்தது என்பது ஒன்று. உள்ளே வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

மே 31 காலையில் பழைய ஜப்பானிய கவர்னர் ஜெனரல் கட்டடத்தின் மைய மண்டபத்தில் கூடினார்கள். அடக்கி ஆண்டவன் கட்டிய கல் மாளிகையில் அடிமைப்பட்டிருந்தவன் சபை கூட்டுகிறான். வயதில் மூத்தவர் என்று தற்காலிகத் தலைவராக உட்கார்ந்த ரீ, நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு காரியம் செய்தார். உறுப்பினரும் மெதடிஸ்ட் பாதிரியாருமான இ யுன்-யோங்கை எழுப்பி ஜெபம் செய்யச் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு 188 ஓட்டுகளோடு ரீ சபாநாயகர் ஆனார். துணை சபாநாயகர்கள் ஷின் இக்-ஹீயும் கிம் தோங்-வொன்னும்.

இந்த இ யுன்-யோங்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மாதத்தில் திரும்ப வருவார்.

30 பேர் கொண்ட வரைவுக் குழு ஜூன் தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தது. தலைவர் சோ சாங்-இல். மூல வரைவு எழுதியவர் யூ ஜின்-ஓ என்ற சட்ட அறிஞர். அவர் சபை உறுப்பினர் இல்லை, நிபுணராக அழைக்கப்பட்டவர். நாட்டுக்கு என்ன பெயர் என்று குழுவுக்குள் ஓட்டெடுப்பு நடந்தது: தேஹான் மின்குக் 17, கொரியோ 7, ஜோசோன் 2, ஹான் 1. இன்று ஒலிம்பிக் மைதானத்தில் லட்சம் பேர் கத்துகிற பெயர், ஒரு அறையில் 27 பேர் கை தூக்கி முடிவானது.


சட்டப்புத்தகம்:

ஐயா, அடுத்த கட்டத்தை நான் எழுதலாமா? எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

யூ ஜின்-ஓவின் வரைவு பிரிட்டன் பாணி. ஜனாதிபதி பெயருக்கு, அதிகாரம் பிரதமருக்கும் அமைச்சரவைக்கும், பாராளுமன்றத்துக்கு இரண்டு அவைகள். ரீக்கு இது கசந்தது. தான் ஜனாதிபதி ஆகப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும், முத்திரை குத்துகிற ஜனாதிபதியாக உட்கார அவர் தயாராக இல்லை. ஜூன் 21 வாக்கில் வரைவுக் குழுவுக்கே நேரில் வந்து, இந்த ஏற்பாடு தொடர்ந்தால் நான் எந்தப் பதவியும் ஏற்காமல் வெளியே போய் மக்கள் இயக்கம் நடத்துவேன் என்று சொல்லிவிட்டார். அவரை விட்டால் வேறு முகம் இல்லாத கொரிய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அன்று இரவே கூடி, வரைவில் கை வைத்தார்கள். காலையில் பார்த்தால் ஜனாதிபதி ஆட்சி முறை.

அவசரத்தில் வெட்டி ஒட்டியதால் பழைய உடம்பின் சில உறுப்புகள் அப்படியே தங்கிவிட்டன. ஜனாதிபதியைச் சபைதான் தேர்ந்தெடுக்கும். பிரதமர் என்று ஒருவர் உண்டு, அவருக்குச் சபையின் ஒப்புதல் வேண்டும். ஜூலை 12 அன்று அரசியல் சட்டம் நிறைவேறி, 17 அன்று ரீ கையெழுத்திட்டு வெளியிட்டார். 20-ம் தேதி ஜனாதிபதித் தேர்தல். வந்திருந்த 196 பேரில் ரீக்கு 180. போட்டியிலேயே இல்லாத கிம் கூவுக்கு 13 பேர் எழுதிப் போட்டார்கள். அமெரிக்கக் குடிமகனாக இருந்த சோ ஜே-பில் பெயரை ஒருவர் எழுத, அது செல்லாது என்றானது.

180 ஓட்டு வாங்கிய மனிதர் ஒரு வாரம் கழித்துப் பிரதமர் பெயரைக் கொண்டு வருகிறார். கொரிய ஜனநாயகக் கட்சி தன் தலைவர் கிம் சோங்-சுவை எதிர்பார்த்தது, சுயேச்சைகள் பலர் பழைய தற்காலிக அரசில் இருந்த ஜோ சோ-ஆங்கை. ரீ இருவரையும் விட்டுவிட்டு இ யுன்-யோங் என்றார். ஆம், அந்த ஜெபம் செய்த பாதிரியார். ஜூலை 27 அன்று ஓட்டெடுப்பு: ஆதரவு 59, எதிர்ப்பு 132. முதல் நியமனமே தோற்றது! ஆகஸ்ட் 2 அன்று இ போம்-சொக்கை முன்மொழிந்த பிறகுதான் ஒப்புதல் கிடைத்தது. தலையாட்டிப் பொம்மை ஒரு வாரத்தில் இப்படித் தலையைத் திருப்பிக்கொள்ளுமா?


நெய்தல்மகள்:

ஒரு சந்தேகம். பெண்களுக்கு ஓட்டு இருந்தது என்கிறீர்கள், உள்ளே யாராவது பெண் இருந்தாரா?


வைகைக்கரை:

மே 10 அன்று ஜெயித்தவர்களில் ஒரு பெண்கூட இல்லை அம்மா. பெண் வேட்பாளர்கள் நின்றார்கள், எல்லோரும் தோற்றார்கள். 1949 ஜனவரியில் ஆந்தோங்கில் இடைத்தேர்தல் வந்தது, அதில் இம் யோங்-ஷின் ஜெயித்து முதல் பெண் உறுப்பினர் ஆனார். அமெரிக்காவில் படித்தவர், சுங்-ஆங் பல்கலைக்கழகத்தை உருவாக்கியவர், அப்போதே ரீயின் அமைச்சரவையில் வணிகத் தொழில் அமைச்சர். பாரம்பரியத்துக்கும் கன்ஃபூசியக் குருகுலங்களுக்கும் பேர் போன ஊர் ஆந்தோங். அங்கே ஒரு பெண் ஜெயித்தது சாதாரண விஷயமில்லை. 1950-ல் அடுத்த சபைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள்.


நெய்தல்மகள்:

நன்றி ஐயா. 200 பேரில் ஒருவர், அதுவும் இடைத்தேர்தலில். இதையும் அந்தச் சபையின் கணக்கில்தான் எழுத வேண்டும்.


பனங்காடு:

நிலச் சீர்திருத்தம் பற்றி யாராவது எழுதுங்களேன். ஜனநாயகக் கட்சி நிலக்கிழார் கட்சி என்றால் அது எப்படி நிறைவேறியது?


சட்டப்புத்தகம்:

அரசியல் சட்டத்தின் 86-வது பிரிவிலேயே விவசாய நிலம் விவசாயிகளுக்குப் பகிரப்படும் என்று எழுதிவிட்டார்கள். பிற்பாடு யாரும் பின்வாங்க முடியாதபடி கட்டிப் போட்ட மாதிரி. வடக்கில் 1946-லேயே இலவசமாக நிலத்தைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள், அந்தச் செய்தி தெற்கின் ஒவ்வொரு குத்தகைக்காரர் காதிலும் விழுந்திருந்தது. நிலக்கிழார்களே இருக்கிற சபையானாலும் வேறு வழியில்லை.

முதல் வேளாண் அமைச்சர் ஜோ பொங்-அம். இஞ்சோனிலிருந்து தேர்வானவர். கம்யூனிஸ்டாக இருந்து சிறை சென்று, பிறகு கட்சியை விட்டு வெளியே வந்தவர். அவரை அமைச்சராக்கியது ரீயின் சாமர்த்தியம் என்று நினைக்கிறேன், நிலக்கிழார் கட்சியின் கழுத்தைப் பிடிக்க அவர் தோதான ஆள். 1949 பிப்ரவரியில் ஜோ பதவி விலக வேண்டி வந்தது, ஆனால் ஜூன் 21 அன்று சட்டம் வெளியானது. உச்சவரம்பு 3 ஜோங்போ, ஏறத்தாழ 3 ஹெக்டேர். நிலம் பெறுபவர் ஒரு வருட விளைச்சலில் ஒன்றரைப் பங்கை ஐந்து வருடத்தில் கட்ட வேண்டும் என்று 1950 மார்ச் திருத்தம் சொன்னது. அதாவது வருடத்துக்கு விளைச்சலில் 30 சதவீதம், ஐந்து வருடம் கழித்து நிலம் சொந்தம். விளைச்சலில் பாதியையும் அதற்கு மேலும் குத்தகையாக அளந்து கொண்டிருந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும்! போர் ஜூனில் வந்தது. அதற்குள் பல ஊர்களில் யாருக்கு எந்த வயல் என்ற அறிவிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது, 18-வது பிரிவு. தனியார் நிறுவனத்தின் லாபத்தில் தொழிலாளிக்குப் பங்கு கேட்கும் உரிமை! தொழிற்சங்கத் தலைவர் ஜோன் ஜின்-ஹான் போன்ற உறுப்பினர்கள் வாதாடிச் சேர்த்தது. சட்டத்தின் மூலம் நடைமுறைக்கு வரவேயில்லை, 1962 திருத்தத்தில் தூக்கிவிட்டார்கள். ஆனாலும் 1948-ல் அமெரிக்க ராணுவம் ஊரில் இருக்கும்போதே, வலதுசாரிகள் நிறைந்த சபையில் அந்த வரி நிறைவேறியது என்பதை நினைத்துப் பாருங்கள்.


கீழத்தெரு:

18-வது பிரிவுக்கு ஒரு வணக்கம் வைக்கிறேன் தோழர், மனசார. ஆனால் காகிதத்தில் இருந்த உரிமை.

இவ்வளவு எழுதியாயிற்று, துரோகிகள் விசாரணைக்கு யாரும் வரவில்லையே?


வைகைக்கரை:

வருகிறேன். அதுதான் இந்த இழையின் உயிர் என்பது என் எண்ணம்.

1948 செப்டம்பர் 7 அன்று சபை தேசத்துரோகிகள் தண்டனைச் சிறப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜப்பானியரோடு சேர்ந்து சொந்த மக்களை வதைத்தவர்கள், நாட்டை விற்கும் ஒப்பந்தத்துக்குத் துணைபோனவர்கள், பட்டம் வாங்கியவர்கள் எல்லோரையும் விசாரிக்க. 1945-க்கு முந்தைய குற்றத்துக்கு 1948-ல் சட்டம் போடலாமா என்று யாரும் கேட்கக் கூடாது என்பதற்காக அரசியல் சட்டத்தின் 101-வது பிரிவிலேயே அதற்கு அனுமதி எழுதி வைத்திருந்தார்கள். விசாரணைக் குழுவின் தலைவர் கிம் சாங்-தொக், கொர்யோங் தொகுதி உறுப்பினர். 1919 பிப்ரவரி 8 அன்று தோக்கியோவில் கொரிய மாணவர்கள் சுதந்திரப் பிரகடனம் வாசித்தார்களே, அதில் ஒருவர்.

1949 ஜனவரி 8 அன்று முதல் கைது, பெரும் வணிகர் பாக் ஹுங்-சிக். அதே மாதம் 25-ம் தேதி நோ தொக்-சுல். இந்த ஆளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜப்பானிய ஆட்சியில் சுதந்திரப் போராளிகளைச் சித்திரவதை செய்வதில் பெயர் வாங்கிய போலீஸ் அதிகாரி. விடுதலை வந்த பிறகும் அதே வேலை, சியோல் போலீஸில். குழு அவரைப் பிடித்ததும் ரீயே விடுவிக்கச் சொன்னார். விசாரணைக் குழு உறுப்பினர்களைக் கொல்ல போலீஸ் அதிகாரிகள் சிலர் ஒரு ஆளை அமர்த்தியிருந்த சதியும் வெளியே வந்தது. கொல்ல வேண்டியவனே வந்து ஒப்புக்கொண்டான்.

ஜூன் 4 அன்று சியோல் போலீஸின் உளவுப் பிரிவு அதிகாரி சோய் உன்-ஹாவைக் குழு கைது செய்தது. ஜூன் 6 காலை போலீஸ் படை குழுவின் அலுவலகத்துக்குள் புகுந்தது. குழுவுக்கு இருந்த காவலர்களின் ஆயுதங்களைப் பிடுங்கி, அடித்து, 30-க்கும் மேற்பட்டவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். நான்தான் உத்தரவிட்டேன் என்று ரீ அமெரிக்கச் செய்தி நிறுவனத்திடம் சொன்னார். சபை நிறைவேற்றிய சட்டப்படி இயங்கிய சபையின் குழு அது! வழக்குத் தொடரும் காலக்கெடுவை ஆகஸ்ட் 31-க்குச் சுருக்கினார்கள். குழு கையாண்ட 682 வழக்குகளில் நீதிமன்றம் ஏறியவை 221. ஒருவர்கூடத் தூக்கு ஏறவில்லை. நோ தொக்-சுல் வெளியே வந்தார்.

இந்த உறுப்பினர்கள் முயன்றார்கள். அவர்களை அடித்து நொறுக்கினார்கள். தோற்றார்கள் என்பதற்காக அவர்களையும் அடித்தவர்களையும் ஒரே பையில் போடுவது எனக்கு ஒப்பவில்லை.


கீழத்தெரு:

ஐயா, கிம் சாங்-தொக்கின் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதே சபைதான் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1948 அக்டோபரில் யோசு, சுன்சோன் பகுதியில் ராணுவக் கலகம். அந்தப் பயத்தைக் காட்டி டிசம்பர் 1-ம் தேதிக்குள் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. இன்று வரை அது புத்தகத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தால் சிறைக்குப் போன எழுத்தாளர்கள், மாணவர்கள், தொழிற்சங்கக்காரர்கள் எத்தனை பேர்!


சட்டப்புத்தகம்:

தோழர், அதை எதிர்த்தவர்களும் அதே சபையில்தான் இருந்தார்கள். இளம் உறுப்பினர்கள் அணி என்று பெயர் வாங்கியவர்கள், மசோதாவையே தூக்கி எறிய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து தோற்றார்கள். நாளை இது நம் கழுத்துக்கே வரும் என்ற வகையில் வாதாடினார்கள். வந்தது.

1949 மே மாதம் இ முன்-வொன் முதலான மூன்று உறுப்பினர்கள் கைது. ஜூனில், ரீ ஜனாதிபதி ஆன பிறகு துணை சபாநாயகராக வந்த கிம் யாக்-சு உட்பட இன்னும் பலர். கம்யூனிஸ்ட் கட்சியான தென் கொரியத் தொழிலாளர் கட்சியின் உளவாளிகளாகச் சபைக்குள் வேலை செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சட்டம், அதே தேசியப் பாதுகாப்புச் சட்டம். அவர்கள் வெளிப்படையாகச் செய்தது என்ன? அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்று 60-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கையெழுத்திட்ட மனுவை ஐ.நா. ஆணையத்திடம் கொடுத்தது. நில மசோதாவில் விவசாயி பக்கம் பேசியது. துரோகிகள் விசாரணையை விடாமல் பிடித்தது.

ஆதாரம் என்று காட்டியது ஒரு ரகசியக் கடிதம். ஜோங் ஜே-ஹான் என்ற பெண் அதை உடம்பில் ஒளித்து வடக்கே கொண்டுபோனபோது பிடிபட்டாள் என்றார்கள். அந்தப் பெண்ணை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரவே இல்லை. குற்றம்சாட்டப்பட்டவர்கள் சித்திரவதைக்குப் பிறகு வாக்குமூலம் கொடுத்ததாகச் சொன்னார்கள். அமெரிக்கத் தூதரகத்தின் கிரெகரி ஹென்டர்சன் ஆட்களை அனுப்பி விசாரணையைப் பதிவு செய்து வைத்ததால்தான் இன்று நாம் இதையெல்லாம் பேச முடிகிறது. 1950 மார்ச் 14 அன்று 13 பேருக்கும் தண்டனை, 3 முதல் 10 வருடம் வரை.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மே 18 வாக்கில் முதல் கைதுகள். ஜூன் 6 விசாரணைக் குழு அலுவலகத்தில் புகுந்தது. ஜூன் 26 கிம் கூ சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து வாரத்துக்குச் சற்று மேல். அதற்குப் பிறகு அந்தச் சபையில் யார் வாய் திறப்பார்கள்?


பனங்காடு:

ஆனால் அண்ணா, அந்த 13 பேரும் போரில் வடக்கே போய்விட்டார்கள் என்று படித்தேன். அப்போது குற்றச்சாட்டு உண்மைதானே?


சட்டப்புத்தகம்:

மேல்முறையீட்டில் இருந்தபோது போர் வந்தது. ஜூன் 28 அன்று சியோல் விழுந்ததும் வடகொரியப் படை சிறைக் கதவுகளைத் திறந்துவிட்டது. செப்டம்பரில் தெற்குப் படை திரும்பி வரும்போது இவர்கள் சியோலில் இருந்தால் என்ன நடந்திருக்கும்? வடக்கு விடுவித்த அரசியல் கைதி என்ற ஒரே காரணத்துக்காகச் சுவரோரம் நிறுத்தியிருப்பார்கள். சோ யோங்-கில் ஒருவர் மட்டும் தெற்கிலேயே தங்கினார். மற்றவர்கள் போனார்கள், அல்லது கொண்டுபோகப்பட்டார்கள். 1950-ல் ஒருவர் எந்தப் பக்கம் போனார் என்பதை வைத்து 1949-ல் அவர் என்னவாக இருந்தார் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது தம்பி.


சுவோன்வாசி:

இங்கே கொரியாவில் வேலை பார்க்கிறேன், இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சட்டப்புத்தகம் சொல்லும் சிறை சியோலின் சோதேமுன் சிறை. இப்போது அருங்காட்சியகம். மெட்ரோவை விட்டு வெளியே வந்தாலே செங்கல் மதில் தெரியும். உள்ளே பெரும்பாலும் ஜப்பானியக் காலக் கொடுமைகள்தான் காட்சிக்கு இருக்கின்றன: நிற்க மட்டுமே இடமுள்ள பெட்டி போன்ற அறை, சுவர் முழுக்கக் கைதிகளின் அடையாள அட்டைப் படங்கள். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வருகிறார்கள்.

ஒரு மூலையில் தனி மதிலுக்குள் மரத்தாலான தூக்குக் கூடம், 1923-ல் கட்டியது. உள்ளே ஒரு கயிறு, அதன் கீழே திறந்து கொள்ளும் பலகை, எதிரே அதிகாரிகள் உட்கார நாற்காலிகள். பின்பக்கம் உடலை வெளியே கொண்டுபோகும் சுரங்கவழி. படம் எடுக்க அனுமதி கிடையாது. 1959 ஜூலை 31 அன்று ஜோ பொங்-அம்மைத் தூக்கிலிட்டது இந்தச் சிறையில்தான். மேலே வேளாண் அமைச்சர் என்று படித்தீர்களே, அவர்தான். 1956 ஜனாதிபதித் தேர்தலில் ரீயை எதிர்த்து 21 லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார். உளவாளி என்று வழக்குப் போட்டுக் கொன்றார்கள். 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்புச் சொன்னது. 51 வருடத்துக்கும் மேல் கழித்து.

கவர்னர் ஜெனரல் மாளிகை இப்போது இல்லை. 1995-ல் இடிக்கத் தொடங்கி அடுத்த வருடம் முடித்துவிட்டார்கள். முதல் சபை கூடிய மண்டபமும் அதோடு போயிற்று. இடித்தது சரிதான் என்பது என் கருத்து, ஆனால் சபையின் இடம் என்று காட்ட ஒன்றும் மிச்சமில்லை என்பதும் உண்மை.


நெய்தல்மகள்:

இந்தியாவுக்கு இதில் பங்கு உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உண்மையா?


வைகைக்கரை:

பெரிய பங்கு. ஐ.நா. தற்காலிக ஆணையத்தின் தலைவராக இருந்தவர் கே.பி.எஸ். மேனன், கேரளத்துக்காரர், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். ஆரம்பத்தில் தெற்கில் மட்டும் தேர்தல் என்பதில் இந்தியாவுக்குத் தயக்கம் இருந்தது. 1948 மார்ச் 12 அன்று ஆணையத்துக்குள் ஓட்டெடுப்பு: சீனா, எல் சால்வடோர், இந்தியா, பிலிப்பைன்ஸ் ஆதரவு. ஆஸ்திரேலியாவும் கனடாவும் எதிர்ப்பு. பிரான்சும் சிரியாவும் ஒதுங்கிக்கொண்டன. நாலுக்கு இரண்டு. இந்தியா மாற்றிப் போட்டிருந்தால் மே 10 தேர்தலே நடந்திருக்குமா என்று கேட்கலாம். ஓட்டுப் போட்ட நாம், 1973 டிசம்பரில்தான் இரண்டு கொரியாக்களோடும் முழுத் தூதரக உறவு வைத்துக்கொண்டோம்.


கீழத்தெரு:

அப்படியானால் பிரிவினையில் நமக்கும் ஒரு பங்கு. சொந்தப் பிரிவினையின் ரத்தம் காயாத 1948-ல், இன்னொரு நாட்டின் பிரிவினைத் தேர்தலுக்குக் கை தூக்கியிருக்கிறோம். இது எனக்கு உறுத்துகிறது.


வைகைக்கரை:

உறுத்த வேண்டியதுதான் தம்பி. எனக்கும் அதில் மன நிறைவு இல்லை. இந்தியா எதிர்த்திருந்தாலும் கோடு அழிந்திருக்காது என்பதும் என் கணிப்பு. இரண்டு படைகள் அந்தக் கோட்டில் நின்றுகொண்டிருந்தன.


பனங்காடு:

கடைசியாக ஒன்று. அவர்களில் எத்தனை பேர் அடுத்த தேர்தலில் ஜெயித்தார்கள்?


சட்டப்புத்தகம்:

1950 மே 30 தேர்தல், 210 இடம். பழைய உறுப்பினர்களில் திரும்பி வந்தவர்கள் 31 பேர்தான். சுயேச்சைகள் 126! ரீயின் ஆதரவாளர்களும் சரி, ஜனநாயகக் கட்சியும் சரி, மண்ணைக் கவ்வினார்கள். முதல் தேர்தலைப் புறக்கணித்த ஜோ சோ-ஆங் இந்த முறை நின்று, நாட்டிலேயே அதிக ஓட்டு வாங்கினார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 25 போர். ஜூன் 27 விடியற்காலையில் சபை கூடி, தலைநகரை உயிரைக் கொடுத்துக் காப்போம் என்று தீர்மானம் போட்டது. ரீ அதற்குள் ரயிலேறிவிட்டார். அடுத்த நாள் ஹான் ஆற்றுப் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தீர்மானத்தை நம்பித் தங்கியவர்களும் ஆற்றைத் தாண்ட முடியாதவர்களும் மாட்டிக்கொண்டார்கள். வடக்கே கொண்டுபோகப்பட்ட முன்னாள் உறுப்பினர்களில் துணை சபாநாயகர் கிம் தோங்-வொன், ஜனநாயகக் கட்சியின் பேக் குவான்-சு, அப்புறம் நம் கிம் சாங்-தொக்கும் உண்டு.


கீழத்தெரு:

கிம் சாங்-தொக்கை ஜப்பானும் சிறையில் போட்டது, ரீயின் போலீஸும் அவர் குழுவை அடித்தது, கடைசியில் வடக்கும் தூக்கிப் போயிற்று. அவர் ஒருவருக்காக இந்தச் சபையை மதிக்கிறேன் ஐயா. தேர்தலைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஜேஜுவைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.


சுவோன்வாசி:

தொடங்குங்கள் தோழர். ஜேஜுவில் 4.3 (ஏப்ரல் 3) அமைதிப் பூங்காவுக்குப் போயிருக்கிறேன், அங்கே பார்த்ததை எழுதுகிறேன். அப்புறம் பனங்காடு தம்பிக்கு ஒரு தகவல்: 1948-ல் ஓட்டுப் போட்ட கேசோங், ஓங்ஜின், யோன்பேக் எல்லாம் அப்போது 38-வது இணைகோட்டுக்குத் தெற்கே இருந்தன. போர் முடிந்து புதிய எல்லை வந்தபோது அந்த நிலப்பகுதி வடக்கோடு போய்விட்டது. கேசோங் மக்களுக்கு உறுப்பினர் இருந்த கடைசித் தெற்குச் சபை 1950-ல் தேர்வானதுதான்.